கோதுமை எனக்குத்தான் ஆகாது

"பத்துக்குள்ள இருக்கணும்னு போட்டுகீது. இவளுக்குப் பதினாறு வந்துகீது. அப்படின்னா இன்னா ரங்கையா?"

நாராயணசாமி செல்போனை மருந்துக் கடையின் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு, ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார். ரிப்போர்ட் தொற்றிக்கொள்ளும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. இருந்தாலும் நின்றார்.

ரங்கையா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திருச்சானூரில் இருபத்தைந்து வருஷமாக மருந்து விற்கிறவர். டாக்டர்கள் எழுதுவதைப் படிக்கத் தெரிந்ததால் டாக்டர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கும் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஊரில் பாதிப் பேருக்கும் அதே நம்பிக்கை.

"டிடிஜி ஐஜிஏ, வீக் பாஸிட்டிவ்." ரங்கையா உதட்டைப் பிதுக்கினார். "பாஸிட்டிவ்ல வீக்கு என்ன, ஸ்ட்ராங்கு என்ன! பாஸிட்டிவ்னா பாஸிட்டிவ்தான்."

"இன்னா வியாதி?"

"சீலியாக்கு. கோதுமை ஆகாது. சப்பாத்தி, பூரி, ரவை, மைதா, சேமியா, பிஸ்கட்டு, எதையும் தொடக்கூடாது. தொட்டா குடல் உள்ளுக்குள்ளயே தேஞ்சி பூடும். போட்டுக்கிற மாத்திரை ஒடம்புல ஒட்டாது."

நாராயணசாமிக்குக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்றது. பத்மினிக்கு எட்டு வருஷமாகத் தைராய்டு. ஐம்பதில் ஆரம்பித்த மாத்திரை எழுபத்தைந்தாகி, நூறாகி, போன மாசம் நூற்றிருபத்தைந்தில் வந்து நின்றது. மாத்திரைதான் ஏறியதே தவிர ரத்தத்தில் எண் இறங்கவில்லை. முடி கொட்டியது, முகம் ஊதியது, மத்தியானம் தையல் மெஷின்மேலேயே தலை வைத்துத் தூங்கினாள். திருப்பதியில் டாக்டர் ஸ்வர்ணலதாதான் "குடல்ல ஏதாவது இருக்கான்னு பாத்துடலாம்" என்று இந்தப் புது டெஸ்ட்டை எழுதிக் கொடுத்தார். லேப்பில் ரத்தம் எடுத்த மஞ்சு என்கிற பெண், இந்தச் சனிக்கிழமை மத்தியானம் ரிப்போர்ட்டை நாராயணசாமியின் வாட்ஸப்புக்கு அனுப்பியிருந்தாள். பேப்பரில் வேண்டுமானால் நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி. டாக்டரோ வெளியூர். பதினோரு நாள் கழித்துத்தான் வருகிறார்.

வியாதியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. போன மாசம் நூற்றிருபத்தைந்து என்று எழுதிய அன்று, பத்மினி ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, இதுக்குமேல இன்னொரு வியாதின்னு யாராச்சும் எனக்குப் பேர் சொன்னாங்க, அவ்ளோதான். எல்லா மாத்திரையையும் கால்வாயில கொட்டிட்டு சும்மா உக்காந்துடுவேன். போதும் எனக்கு."

பத்மினி சொன்னால் செய்கிறவள். ஒரு சீரியலில் நல்ல பெண் ஒருத்தியை அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள் என்று நாலு வருஷம் டி.வி.யே போடாதவள்.

அவள் அவருக்கு மனைவி மட்டுமல்ல, அக்கா மகள். பிச்சாட்டூரில் அவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோது அவருக்கு ஒன்பது வயது. கல்யாணத்தன்று அக்கா, "தம்பி, இவள ஒங்கிட்டத்தான் குடுக்கறேன், எனக்குக் கவலையில்ல" என்றாள். அக்கா போய்ப் பத்து வருஷமாகிறது. கவலை முழுவதும் தம்பிக்கு வந்து சேர்ந்திருந்தது. பத்மினி இல்லாத வீட்டை அவரால் நினைக்கக்கூட முடியவில்லை.

ஆகவே அவளுக்குத் தெரியக்கூடாது. ஆனால் கோதுமை அவள் வாய்க்குள் போகவும் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பொய் வேண்டும்.

இதில் ஒரு சங்கடம். நாராயணசாமிக்குப் பொய் வராது. கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மேனேஜராக இருக்கிறார். ஓனர் ஆளுக்காக ஒரு ரூமைப் பிடித்து வைத்திருக்கும் நாளில், வந்தவர்களிடம் "ரூம் இல்லீங்க" என்பார். சொல்லும்போதே கண் சாவிப் பலகைக்குப் போய்விடும். வந்தவர்கள் அவர் கண் போன வழியே பார்த்துச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் அன்று சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்தபோது, பத்மினி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பெருமாளுக்கு ஒருபொழுது. அன்றைக்கு அரிசிச் சோறு கிடையாது; காலையில் கோதுமை ரவை உப்புமா, சாயந்திரம் சப்பாத்தி. மறுநாள் ஞாயிறு முழுக்க நாராயணசாமி வயிறு உப்பி, ஏப்பமும் சோடாவுமாகக் கிடப்பார். பெருமாள் வைக்கிற சோதனை என்று முப்பது வருஷமாக அதைச் சகித்துக்கொண்டு வந்தார்.

"மாமா, என் ரிப்போர்ட்டு வந்துச்சா?"

"வந்துச்சி. நார்மல். ஃபுல்லா நார்மல்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பல்லியைப் பார்த்தார்.

"அப்ப ஏன் மூஞ்சி இப்படிக் கீது?"

"அது வந்து, எனக்குத்தான். லாட்ஜிக்கு மெடிக்கல் கேம்ப் வந்தாங்க. ரத்தம் எடுத்தாங்க. எனக்குக் கோதுமை ஆகாதாம். தொடவே கூடாதாம்."

பத்மினியின் கையில் சப்பாத்திக் கட்டை நின்றது. "இன்னா மாமா சொல்ற? ரத்தம் எடுத்து அன்னிக்கே சொல்லிட்டாங்களா?"

"பெரிய கேம்ப்பு" என்றார் நாராயணசாமி, பல்லியிடம்.

பத்மினி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்து, அவருக்குக் கேழ்வரகுக் களி கிண்டினாள். முதல் பொய் பலித்துவிட்டது என்று நாராயணசாமிக்கு மார்பு விரிந்தது.

அவர் களியில் கை வைத்தபோது, எதிரே பத்மினி தட்டில் நாலு சப்பாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ எப்பவும் ரெண்டுதான துன்னுவ?"

"ஒன் பங்கு ரெண்டு இன்னா ஆவறது? பிசைஞ்ச மாவைக் கொட்றதா?" என்று கேட்டபடியே முதல் வாயைப் போட்டாள்.

ஆகாது என்று சொல்லப்பட்டதை, வழக்கமாகச் சாப்பிடுவதைப்போல இரண்டு மடங்கு அவள் தின்றுகொண்டிருக்க, நாராயணசாமி களியை உருட்டிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் இதே கதை. மாவு வண்டு விழுந்துவிடும் என்று பூரி சுட்டுத் தானே தின்றாள். அவர் இரண்டாவது பொய்க்குப் போகவேண்டியதாயிற்று.

"பத்மினி, நீ துன்னக்கூட வேணாம். அந்த வாசனை வந்தாலே எனக்கு வயித்தப் பிசையுது."

"கோதுமை வாசனையா?"

"ஆமா. கேம்ப்ல அதையும் சொன்னாங்க."

திங்கட்கிழமை அவர் லாட்ஜுக்குப் போயிருந்தபோது, பத்மினி லைனிங் துணி வாங்கவேண்டும் என்று ஷேர் ஆட்டோ ஏறித் திருப்பதிக்குப் போய்வந்தாள். துணி வாங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் சாயந்திரம் திரும்பியபோது வீட்டில் கோதுமை மாவு டிரம் இல்லை, ரவை டப்பா இல்லை, சேமியா இல்லை, பிஸ்கட் இல்லை. எல்லாம் தெருவில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போய்விட்டிருந்தன.

"ஒனக்கு ஆவாதது இந்த ஊட்ல எதுக்கு மாமா? எனக்கும் வேணாம்" என்றாள். கண் கலங்கியிருந்தது போலிருந்தது.

மாவு மட்டுமா போயிற்று? வாங்கிய வீடுகளுக்கெல்லாம் காரணமும் சேர்ந்து போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை நாராயணசாமி தெருவில் இறங்கியபோது ஊரே அவரை நோயாளியாகப் பார்த்தது. எதிர்வீட்டம்மா கேழ்வரகு உருண்டை கொண்டுவந்தாள். லாட்ஜ் ஓனர் அவருக்கென்று மெத்தை வைத்த நாற்காலி போட்டார். யாரோ அவருக்காகப் பத்மாவதித் தாயாருக்கு நூற்றெட்டு சுற்று வேண்டிக்கொண்டார்கள். சித்தூரிலிருந்து மகள் ரூபா போன் செய்து அழுதாள்.

"நைனா, ஒனக்கு இன்னா நைனா ஆச்சி?"

"ஒண்ணுமில்லம்மா. கோதுமைதான்."

"எங்கிட்டயும் மறைக்கிறியா?"

மறைப்பதில் இவ்வளவு வேலை இருக்கும் என்று நாராயணசாமி எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற நாலு பேருக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது.

இதற்கு நடுவே ரங்கையா வேறு, கடையில் விற்கிற கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பார்கள் என்று ஒரு குண்டைப் போட்டார். அன்றிலிருந்து ரசத்தில் பெருங்காயமும் போயிற்று. பெருங்காயமில்லாத ரசத்தை நாராயணசாமி வெந்நீரைப்போலக் குடித்தார். இதெல்லாம் யாருக்காக? பத்மினிக்காக. அந்த நினைப்பில் ரசம் இறங்கிவிட்டது.

பலனும் தெரிந்தது. பத்மினி இப்போதெல்லாம் தைராய்டு மாத்திரையை அவர் ஞாபகப்படுத்தாமலேயே போட்டுக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை ஒருபொழுதுக்குச் சாமை உப்புமா. மறுநாள் ஞாயிறு மத்தியானம்வரை நாராயணசாமி ஏதோ குறைகிறதே என்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். அப்புறம்தான் புரிந்தது, ஏப்பம் வரவில்லை. வயிறு சத்தமே போடவில்லை. குழந்தை ரொம்ப நேரம் சத்தம் போடாமலிருந்தால் வருகிற பயம்தான் அவருக்கு வந்தது. பாவம், கவலையில் வயிறுகூட அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னிக்கி சோடா வாங்கினு வர்லியா மாமா?" என்று பத்மினி கேட்டாள்.

"வேணாம்போல கீது."

"ஓ" என்றாள் அவள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள், கோத்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை டாக்டரிடம் போனார்கள். நர்ஸ் பத்மினியை எடை பார்க்கக் கூட்டிப்போன சந்தில் நாராயணசாமி உள்ளே பாய்ந்து, செல்போனை நீட்டி, நின்றபடியே முழுக்கதையையும் கொட்டினார். டாக்டர் ஸ்வர்ணலதா ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"கூர்ச்சோண்டி, உக்காருங்க. இவங்களுக்குத் தைராய்டு எதனால வந்தது தெரியுமா? உடம்பைக் காவல் காக்கவேண்டிய ஆளே அடையாளம் தெரியாம தைராய்டைப் போட்டு அடிக்கிறான். அப்படிப்பட்டவங்களுக்குக் குடல்லயும் அதே சண்டை நடக்கிறதுக்கு, மத்தவங்களவிட வாய்ப்பு ஜாஸ்தி. அதனாலதான் டெஸ்ட் எழுதினேன். ஆனா குடல்ல ஒண்ணுமே இல்லாமலும் இவங்களுக்கு இந்த நம்பர் கொஞ்சம் மேல வந்துடும். பத்துக்குப் பதினாறுன்னா சந்தேகம், அவ்ளோதான். நூறு, இருநூறுன்னாதான் வேற பேச்சு."

"அப்ப சீலியாக்கு இல்லியா?"

"இருக்குன்னும் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன். மறுபடி எடுக்கணும். ரத்தத்துல அந்த ஐஜிஏங்கற எதிர்ப்புச் சக்தி மொத்தம் எவ்ளோ இருக்குன்னும் சேர்த்துப் பாக்கணும். அது கம்மியா இருந்தா, வியாதி இருந்தாலும் டெஸ்ட்ல தெரியாது." டாக்டர் பேனாவை எடுத்தார். "கோதுமைய நிறுத்திடலியே?"

நாராயணசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்காகத்தானே இத்தனை பாடு! "நிறுத்திட்டோம் டாக்டர்! பெருங்காயம்கூட கெடையாது!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

நாராயணசாமி ரங்கையாவின் பெயரை விழுங்கிக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எடுத்தாத்தான் இந்த டெஸ்ட்டு நிஜம் சொல்லும். நிறுத்திட்டு எடுத்தா, வியாதியே இருந்தாலும் ஒண்ணுமில்லன்னு பொய் சொல்லும். ஒரு மாசம் வழக்கம்போலச் சாப்பிடட்டும். தினமும் ரெண்டு சப்பாத்தி. அப்புறம் ரத்தம் எடுக்கலாம்."

"டாக்டர், இத அவகிட்ட..."

"நானா போய் பயமுறுத்தமாட்டேன். ஆனா அவங்க கேட்டா மறைக்கமாட்டேன். அவங்க உடம்பு அது."

பத்மினி உள்ளே வந்து உட்கார்ந்தாள். நாராயணசாமி மேஜைக்கடியில் இரண்டு கையையும் கூப்பி வைத்துக்கொண்டார். அவள் ரத்த டெஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெருமாள் காப்பாற்றினார் என்று அவர் மூச்சு விட்டார்.

"மாத்திரை எப்பம்மா போடறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"காலையில எழுந்ததும் டாக்டர். வெறும் வயித்துல. கரெக்டா."

"தண்ணியிலதானே?"

"காபியில."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எட்டு வருஷமாவா?"

"வெறும் வயித்துலன்னுதான சொன்னீங்க. காபி குடிச்சாத்தான எனக்கு வயிறே முழிக்கும்."

"மாத்திரையத் தண்ணியில போட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு காபி குடிங்க. காபியும் பாலும் மாத்திரைய உள்ள போகவே விடாது. நூத்தியிருபத்தஞ்சும் காபியோடயே போயிட்டிருக்கு. இனிமே தண்ணியிலன்னா நூறே அதிகம்தான், பாக்கலாம்" என்று டாக்டர் மாத்திரையைக் குறைத்து எழுதினார்.

திரும்பி வருகிற ஷேர் ஆட்டோவில் நாராயணசாமி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். இனி அவள் தினமும் இரண்டு சப்பாத்தி தின்னவேண்டும். அவளோ அவருக்கு வாசனை ஆகாது என்று தெரு முழுக்க மாவை வாரிக் கொடுத்துவிட்டாள். ஆட்டோ திருச்சானூரை நெருங்கும்போது மூன்றாவது பொய்யைக் கண்டுபிடித்தார்.

"பத்மினி, எனக்குச் சரியாயிட்ச்சி. டாக்டரம்மாவே சொன்னாங்க. இன்னிக்கி சப்பாத்தி போடேன்."

"ஒனக்கு எதுக்கு மாமா? நீ களியே துன்னு."

"அப்ப நீ மட்டுமாவது ரெண்டு துன்னு."

"ஒன்ன களி துன்ன வெச்சிட்டு நான் மட்டும் சப்பாத்தி துன்றதா? போ மாமா."

"சரி, ரெண்டு பேருமே துன்னலாம்."

"வேணாம் மாமா. ஒன் வயிறு இப்பதான் நல்லா கீது."

"என் வயித்துக்கு இன்னா? கல்லு மாதிரி கீது. பாக்கறியா?"

பார்க்கவைத்தார். புது மாவு அவரே வாங்கிவந்தார். அவள் தட்டில் இரண்டு, தன் தட்டில் இரண்டு. அவர் முதலில் ஒரு வாய் போட்டு "பாத்தியா?" என்று கையை விரித்துக் காட்டிய பிறகுதான் அவள் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அவர் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள், அவள் நிறுத்தினால் டெஸ்ட் பொய் சொல்லும். வீட்டில் ஒருவர் பொய் சொல்வது போதாதா?

ஒரே வாரத்தில் அவருடைய ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது வாரத்தில் திங்களும் செவ்வாயும்கூட ஞாயிறாக மாறின. வயிறு மத்தளம்போல உப்பியது. வீட்டில் சிரித்த முகமாக இருந்துவிட்டு, லாட்ஜில் மெத்தை நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்து சோடா குடித்தார். இரண்டு பாட்டில் நாலு பாட்டிலாயிற்று. வயிறு உப்பியதே தவிர உடம்பு இளைத்தது; பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். இன்னும் பத்து நாள், இன்னும் ஒன்பது நாள் என்று சாவிப் பலகைக்குப் பக்கத்துக் காலண்டரில் சுழித்து வைத்தார். வலியில் கண்ணை மூடும்போது, தொட்டிலில் கிடந்து அவரைப் பார்த்துப் பொக்கைவாய் சிரித்த பத்மினிதான் தெரிந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டார்.

நாலாவது வாரம் ரங்கையாதான் காட்டிக்கொடுத்தார். லைனிங் துணி கொண்டுபோன பத்மினியைக் கடை வாசலில் நிறுத்தி, "என்னம்மா, உன் வீட்டுக்காரர் சத்து மாத்திரையும் கேஸ் மாத்திரையும் என் கடையில வாங்கித் தீக்கறாரு, சோடாவை அடுத்த கடையில தீக்கறாரு. நேத்து நாற்காலியில இருந்து எழுந்திரிக்கவே முடியல" என்றார்.

பத்மினி துணியோடு நேரே லாட்ஜுக்குப் போனாள். மேஜைக்கடியில் ஆறு காலி சோடா பாட்டில். மேஜைக்கு மேலே, வியர்வையில் நனைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல பத்மினி, ஒண்ணுமில்ல" என்று சொல்ல முயன்ற மாமா. கண் மட்டும் சாவிப் பலகைக்குப் போயிருந்தது.

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். "வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா மாமா? நீ நல்லாத்தான கீறன்னு நெனச்சிகினு நானும் பாத்துகினு இருந்தேனே, நான் ஒரு முண்டம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ரூம் கேட்டு வந்திருந்த ஒரு குடும்பம் பெட்டிகளை எடுத்துக்கொண்டு பேசாமல் அடுத்த லாட்ஜுக்குப் போயிற்று.

மறுநாள் காலை அவரை ஷேர் ஆட்டோவில் தூக்காத குறையாக இட்டுக்கொண்டு போனாள். டாக்டர் அறைக்குள் உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"டாக்டர், இவருக்கும் அதே டெஸ்ட்டு எடுத்துடுங்க."

நாராயணசாமி வலியில் இருந்ததால் 'அதே' என்பதைக் கவனிக்கவில்லை. டாக்டர் கவனித்தார், பத்மினி முகத்தைப் பார்த்தார்.

"எத்தினி நாளா இப்படி?" என்று அவரைக் கேட்டார்.

"இது சின்ன வயசுல இருந்தே கீது டாக்டர். கேஸ்."

"எடை?"

"எப்பவுமே ஒடிசல்தான்."

"ரத்தம் கம்மின்னு சொல்லியிருக்காங்களா?"

"அது இருபது வருஷமா. சத்து மாத்திரை போடறேன். ஏறல. அத வுடுங்க டாக்டர், இவளுக்கு மாசம் முடிய மூணு நாள்தான் கீது, இவள மொதல்ல பாருங்க."

"இருங்க. இந்தத் தொந்தரவுக்கே உங்களுக்கு டெஸ்ட் எடுக்கணும். அது இவங்க வீட்டு ரத்தத்துல ஓடற சமாச்சாரமா இருந்தா, இவங்க கூடப்பொறந்தவங்க, பெத்தவங்க பக்கமெல்லாம் பாக்கச் சொல்லுவேன். நீங்க வீட்டுக்காரர், அந்தக் கணக்குல வரமாட்டீங்க."

"வருவாரு டாக்டர்" என்றாள் பத்மினி. "இவரு எங்கம்மாகூடப் பொறந்த தம்பி."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இந்த ஜில்லாவுல இருபது வருஷமா டாக்டரா இருக்கேன். இத நான் மொதல் நாளே கேட்டிருக்கணும்" என்று சொல்லி, ஒரே சீட்டில் இரண்டு பெயரையும் எழுதினார்.

மஞ்சு இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாள். நகரிப் பக்கத்துப் பெண், சிரித்த முகம். ஊசி குத்தும்போது நாராயணசாமி தன் கையைப் பார்க்கவில்லை. பத்மினியின் கையைப் பார்த்துக்கொண்டு, அவளுக்காக முகத்தைச் சுளித்தார்.

மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வாங்க அவர் தனியாகப் போனார். இந்தத் தடவை வாட்ஸப்பில் அனுப்பவேண்டாம், பேப்பரில் வேண்டும் என்று சொல்லியிருந்தார். இரண்டு கவரும் மஞ்சுவின் கையில் இருந்தன.

"மொதல்ல அவளோடது சொல்லும்மா."

"அக்காவுக்கு ஏழு சார். நார்மல். மொத்த ஐஜிஏவும் நல்லா இருக்குது. தைராய்டு நம்பர்கூட பாதிக்குப் பாதி எறங்கிப்போச்சி."

நாராயணசாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுகிறோம் என்பதே கொஞ்ச நேரம் அவருக்குத் தெரியவில்லை. அக்கா, உன் மகளுக்கு ஒன்றுமில்லை என்று மனதுக்குள் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் கிளம்பி வாசல்வரை போய்விட்டார்.

"சார், உங்க ரிப்போர்ட்டு?"

"ஆமா, அது ஒண்ணு கீதில்ல."

மஞ்சு இரண்டாவது கவரைப் பிரித்தாள். "இருநூறுக்கு மேல சார். அதுக்கு மேல மெஷின் எண்ணாது. டாக்டரம்மா வாய் வழியா குழாய் விட்டுக் குடலப் பாத்து உறுதி பண்ணுவாங்க. ஆனா பயப்படாதீங்க, கோதுமைய விட்டுட்டா நல்லா ஆயிடுவீங்க."

கோதுமை எனக்குத்தான் ஆகாது என்று பல்லியைப் பார்த்துச் சொன்னது நாராயணசாமிக்கு ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முழுசாகப் பலித்த ஒரே பொய். அதையும் உடம்பு நிஜமாக்கிவிட்டது. முப்பது வருஷச் சோதனையில் பெருமாளுக்குச் சம்பந்தமே இல்லை, எல்லாம் சப்பாத்தி.

ஆனால் உடனே வேறு கவலை வந்தது. பத்மினி. இப்போதுதான் அவளுக்கு முகத்தில் களை வந்திருக்கிறது, மத்தியானத் தூக்கம் போயிருக்கிறது, மெஷினில் உட்கார்ந்து பாட்டுக்கூட முணுமுணுக்கிறாள். தன் கையால் சுட்டுப் போட்ட சப்பாத்தியால்தான் மாமாவுக்கு இப்படி என்று தெரிந்தால் உடைந்துபோவாள்.

அவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாடி மஞ்சு, ஒரு ஒத்தாசை. எங்க ஊட்டம்மா வந்து கேட்டா, என் ரிப்போர்ட்டு நார்மல்னு சொல்லிடு. கோதுமைய நானே எதையாவது சொல்லி வுட்டுடறேன். அவளுக்குத் தெரிய வேணாம். பாவம், தாங்கமாட்டா."

மஞ்சு அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

"ஒன்றரை மாசம் முன்னாடி ஒரு திங்கக்கெழம, அக்கா பதினாறுன்னு வந்த அவங்க ரிப்போர்ட்ட வாங்கிப் படிச்சிட்டு, இதே ஜன்னல்ல நின்னுகினு இதையேதான் சார் சொன்னாங்க: 'நான் பாத்தது எங்க மாமாவுக்குத் தெரிய வேணாம், பாவம், எனக்காக மொதமொதலா ஒரு பொய் சொல்லிக்கினு கீறாரு.'"